கூரைமேல் ஒரு சுனை

வலிகாமப் பகுதியிலுள்ள கிராமமொன்றிலிருந்து அன்பரொருவர் நீண்ட கடிதம் வரைந்துள்ளார். அவ்வூர்ப் பொது மண்டபத்துக்குக் குளிரூட்டும் வசதி செய்வதெனப் பரிபாலன சபையார் தீர்மானித்து, பிற நாடுகளில் வாழும் ஊரவரிடமும் பணம் திரட்டியாயிற்று. இரண்டு யந்திரங்களைக் கொங்கிறீற்று மேற்றளத்தில் அமைத்து, தகட்டுக் குழல்களின் வழியே குளிர்ந்த காற்றை மண்டபத்துள் இறக்குவது திட்டம். ஒப்பந்தக்காரர் இருவர் மதிப்பீடு கொடுத்துள்ளனர். ஒருவரின் தொகை குறைவு. "தண்ணீர் போக நேரான சிறு குழாய் போதும்; வளைவு சுழிவெல்லாம் வீண் செலவு" என்கிறாராம் அவர். மற்றவரோ வளைந்த குழாய், இரண்டாவது தட்டு, தடித்த உறை என்று பட்டியலை நீட்டியிருக்கிறார். "ஐயா, காற்றைக் குளிர்விக்கும் யந்திரத்தில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? எவர் சொல்லை நம்புவது?" என்பது அன்பரின் கேள்வி.

கேள்வியின் முதற் பகுதிக்கு விடை நம் வீட்டு மேசையிலேயே உண்டு. பனிக்கட்டி இட்ட சர்பத்துக் குவளையின் வெளிப்புறம் வியர்ப்பதை யார்தான் கண்டிலர்? காற்றிலே கரந்து நிற்கும் நீராவி, குளிர்ந்த பரப்பைத் தொட்டதும் ஒடுங்கி நீராகின்றது. குளிரூட்டியின் உள்ளே இருக்கும் செப்புச் சுருளும் அத்தகைய குவளையே. உண்மையில் இவ்யந்திரம் பிறந்ததே ஈரத்தை நீக்குதற்பொருட்டுத்தான். 1902ஆம் ஆண்டில் நியூ யோர்க் நகரின் புறூக்ளின் பகுதியில் ஓர் அச்சகத்திலே, ஈரக் காற்றினால் தாள் விரிந்து சுருங்கி, ஒரு வர்ணத்தின்மேல் மற்றொரு வர்ணம் பொருந்தாமற் போயிற்று. அக்குறையைத் தீர்க்கவே வில்லிஸ் கரியர் என்னும் இளம் பொறியியலாளர் தமது முதல் அமைப்பை வரைந்தார். மனிதரின் சுகம் பின்னர் வந்தது.

எவ்வளவு நீர் என்று கணக்கிட்டுப் பார்ப்போம். வெப்பநிலை 30 பாகை செல்சியஸ், சாரீரப்பதன் 80 வீதம் எனின், ஒரு கன மீற்றர் காற்றில் ஏறக்குறைய 24 கிராம் நீராவி உண்டு. அதனை 24 பாகைக்குக் கொணர்ந்து இதமாக வைத்திருக்கும் மண்டபத்தில் சுமார் 12 கிராமே இருக்கும். மிகுதி 12 கிராமும் சுருளில் நீராகவேண்டும். 300 பேர் கூடிய கல்யாணத்திலே, மூச்சு முட்டாதிருக்க ஆளுக்கு மணிக்கு 20 கன மீற்றர் புதுக் காற்று விட்டால், அதிலிருந்து மட்டும் 72 லீற்றர். வந்தவர்களின் மூச்சும் வியர்வையும் ஆளுக்கு 50 கிராம் வீதம் இன்னுமொரு 15 லீற்றர். ஆகவே மணிக்கு எண்பது லீற்றருக்கு மேல்! முகூர்த்தம் முடிந்து பந்தி முடியுமுன் ஒரு சிறு தொட்டி நிரம்பிவிடும். மணவறைக்கு நேர் மேலே இத்தகைய சுனையொன்று ஊறுகின்றதென்பதைச் சபையார் மனத்திற் கொள்ளவேண்டும்.

இனி, வீண் செலவென்று தள்ளப்பட்ட அவ்வளைவைப் பற்றி. கூரை யந்திரங்களுட் பெரும்பாலானவற்றில் விசிறி சுருளுக்குப் பின்னே நின்று காற்றைத் தன்பால் இழுக்கின்றது. எனவே சுருளின் கீழுள்ள ஏந்துதட்டு இருக்கும் அறையில் அமுக்கம் வெளியமுக்கத்திலும் குறைவு. நேர்க் குழாயைப் பொருத்தினால் வெளிக்காற்று அதன் வழியே உள்ளே பாயும்; இறங்க வேண்டிய நீரை மேலே தடுத்து நிறுத்தும். தட்டு நிரம்பி வழியும். திவலைகள் விசிறியில் அகப்பட்டுக் குழலுக்குட் சென்று, சபையோரின் தலைமீது பன்னீர் தெளிக்கும். விசிறி நின்றதும் தேங்கிய நீர் முழுவதும் ஒழுங்காக வடிந்துவிடுமாதலால், மறுநாள் பார்க்கவரும் தொழிலாளி ஒரு குறையுங் காணமாட்டார். "நேற்று ஒழுகியது" என்று நாம் சொல்வதும், "இன்று ஒழுகவில்லையே" என்று அவர் சொல்வதும் மாதக்கணக்கில் நடக்கும்.

கைகழுவும் தொட்டியின் கீழ் உள்ள வளைவு போன்ற நீர்ப்பூட்டு ஒன்றே இதற்குப் பரிகாரம். அதன் ஆழத்தைக் கண்மதிப்பில் வைத்தல் ஆகாது. விசிறியின் இழுவை 50 மில்லிமீற்றர் நீர் அளவினதாயின், அதனோடு 25 கூட்டி, தட்டின் வாயிலிலிருந்து 75 மில்லிமீற்றர் கீழே பூட்டின் வெளிவாய் அமையவேண்டும். அவ்வாய்க்குக் கீழே அதன் பாதியளவு வளைவு தாழவேண்டும். குழாயின் தடிப்பையும் சேர்த்தால், யந்திரம் நிற்கும் பீடம் தரையிலிருந்து போதிய உயரம் உடையதாய் இருத்தல் அவசியமென்பது விளங்கும். இதை யந்திரம் ஏறுமுன்னரே தீர்மானித்தல் வேண்டும். ஏறியபின் பீடத்தை உயர்த்தப் பாரந்தூக்கியை மறுபடியும் அழைக்க நேரும். அச்செலவு முழு நீர்க்குழாய் வேலையின் செலவையும் விழுங்கும். பூட்டுக்கு அப்பால் குழாய் 100க்கு 1 என்ற சாய்விற் செல்லுதல் நன்று. துப்புரவு செய்ய ஒரு திறவாயும் வேண்டும். மலக்குழாயோடு நேரே இணைத்தல் கூடவே கூடாது.

இரண்டாமவரின் பட்டியலிலும் ஒரு குறை கண்டேன். இரு யந்திரங்களுக்கும் ஒரே நீர்ப்பூட்டு என்று எழுதியுள்ளார். ஒன்றை நிறுத்தி மற்றதை ஓட்டும்போது, ஓடும் யந்திரம் நின்றதன் தட்டு வழியே காற்றை இழுக்கும். ஒவ்வொன்றுக்கும் தனிப் பூட்டுக் கேளுங்கள்.

தொழிலாளர் டக்ட் என்று வழங்கும் தகட்டுக் குழலுக்கும் சர்பத்துக் குவளையின் விதியே. வெப்பக் காவலியின் வெளிப்புறத்தில் நீராவி புகாத் தாள் ஒட்டப்பட்டிருக்கும். அது ஓரிடத்திற் கிழிந்தாலும் ஈரம் உட்புகுந்து காவலி நனைந்து பயனற்றதாகும். உட்கூரையில் மஞ்சட் கறை படரும், பின்னர் பூஞ்சணம் பூக்கும். மூட்டுகளைப் பசைக்கலவையால் அடைத்தலே தகும். 1998ஆம் ஆண்டில் கலிபோர்ணியாவிலுள்ள லோறன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்தார் அடைப்புப் பொருள்கள் பலவற்றைச் சோதித்தபோது, குழலின் பெயரையே தாங்கிய டக்ட் டேப் என்னும் துணிநாடாவே தோல்வியுற்றது. பெயரை நம்பினோர் ஏமாந்தனர்! வெளியிற் செல்லும் குழலின் மேற்புறம் மழைநீர் தேங்காதவாறு சிறிது சாய்ந்திருக்கட்டும். தளத்தைத் துளைத்து இறங்குமிடத்தில் சுற்றிலும் கரை கட்டப்படவேண்டும். இல்லையேல் மார்கழி மழை குழலோடு கூடவே இறங்கும்.

பணத்தைவிடப் பெரிய காரியம் ஒன்றுண்டு. குழாயை மேற்றளத்திலேயே திறந்து விட்டுவிடும் வழக்கத்தை யான் பல கட்டடங்களிற் கண்டிருக்கிறேன். மழையற்ற மாதங்களிலும் அங்கே தெளிந்த நீர் தேங்கும். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறப்பதற்கு ஏழு முதல் பத்து நாள் வரை போதும். 2017ஆம் ஆண்டில் இலங்கையில் 180,000க்கும் அதிகமான டெங்கு நோயாளர் பதிவாயினர் என்பதை மறக்கலாகாது. மண்டபத்தின் அயலில் பள்ளிக்கூடம் இருப்பதாகவும் அன்பர் எழுதியுள்ளார்.

நீரைக் கீழே இறக்கி மூடிய தொட்டியிற் சேர்த்தால் பயனும் உண்டு. டுபாயிலுள்ள புர்ஜ் கலீபா என்னும் உயர்ந்த கட்டடத்தில் இவ்வாறு சேரும் நீர் தோட்டங்களுக்குப் பாய்கின்றது. உப்புச் சேர்ந்த கிணறுகளையுடைய நம்மவருக்கு உப்பில்லாத இந்நீர் வாழைக்கும் மல்லிகைக்கும் உகந்தது, மலசலகூடத்துக்கும் உதவும். தூசியும் செப்பும் கலந்திருக்கக் கூடுமாதலால் குடித்தல் ஆகாது.

ஆகவே, அதிக தொகை கேட்பவரிடமே, பூட்டை இரண்டாக்கச் சொல்லி, வேலையைக் கொடுப்பது தகும். ஒப்பந்தத்தில் ஒரு வரியும் சேர்த்துக்கொள்ளுங்கள்: கடைசித் தவணை செலுத்துமுன், நீர்ப்பூட்டில் நீர் நிரப்பி, விசிறி முழு வேகத்தில் ஓடுகையில், ஏந்துதட்டில் சபையார் முன்னிலையில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றப்படும். அது தட்டில் தங்காமல் கீழ்த்தொட்டியை வந்தடைதல் வேண்டும்.