விடுதலைப் பத்திரத்தில் கரையும் மகளின் பங்கு

மகளுக்குப் பிறந்த வீட்டுச் சொத்தில் பங்கு உண்டா என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டில் சட்டம் விடை சொல்லி முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஆனாலும் இன்று ஏதாவதொரு சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்ப் பாருங்கள். அண்ணன் தம்பிகளுக்குத் தன் பங்கை விட்டுக்கொடுத்து 'விடுதலைப் பத்திரம்' எழுதிக்கொடுக்க வந்திருக்கும் பெண்களைக் காணலாம். பத்திரம் முன்பே தயாராகியிருக்கும். அவர் செய்ய வேண்டியது, காட்டிய இடத்தில் கையெழுத்திட்டு விரல்ரேகை வைப்பது மட்டுமே. தான் விட்டுக்கொடுக்கும் நிலம் எத்தனை சென்ட், அதன் இன்றைய மதிப்பு என்ன என்பதைத் தெரிந்துகொண்டு கையெழுத்திடுபவர் எத்தனை பேர்? பெண்ணுக்குச் சட்டம் கொடுத்ததைக் குடும்பம் திரும்ப வாங்கிக்கொள்ளும் இந்த நடைமுறையை அரசு இனியும் வெறும் குடும்ப விவகாரமாகப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

இந்த உரிமை எளிதில் வந்ததில்லை. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெண்களுக்கு ஆண்களோடு சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 1956இல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டம், உயில் எழுதாமல் இறந்த தந்தையின் சுயசம்பாத்தியத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு தந்தது. பூர்வீகச் சொத்தில் பிறப்பால் வரும் உரிமையை ஆண்பிள்ளைகளுக்கே விட்டுவைத்தது. செங்கல்பட்டுத் தீர்மானத்துக்கு அறுபது ஆண்டுகள் கழித்து, கருணாநிதி தலைமையிலான அரசு அந்தச் சட்டத்தை மாநில அளவில் திருத்தியது. 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்த அந்தத் திருத்தம், மகளையும் பிறப்பாலேயே பங்குதாரர் ஆக்கியது. அதற்கு முன்பே திருமணமான பெண்கள் மட்டும் வெளியே நிறுத்தப்பட்டார்கள். 2005இல் மத்திய அரசு கொண்டுவந்த திருத்தம் அந்தத் தடையையும் நீக்கியது. அது நடைமுறைக்கு வந்த 2005 செப்டம்பர் 9 அன்று தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தை, 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது: தேவையில்லை, மகளின் உரிமை பிறப்பால் வருவது.

இத்தனைக்குப் பிறகும் நிலம் யார் பெயரில் இருக்கிறது? 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, இந்தியாவின் சாகுபடிக் கைப்பற்றுகளில் பெண்கள் வசம் இருந்தவை சுமார் 14 விழுக்காடு. நாற்று நடுவதும் களை பறிப்பதும் பெண்கள். பட்டாவில் இருப்பது ஆணின் பெயர். பயிர்க் கடனும் வெள்ள நிவாரணமும் பட்டாவைத் தேடித்தான் வருகின்றன. பெண் விவசாயிகளுக்கு உரிமை கோரி எம்.எஸ். சுவாமிநாதன் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதா சட்டமாகாமலே காலாவதியானது.

"நகை போட்டு, சீர் செய்து கட்டிக்கொடுத்தோமே, அதுதான் அவள் பங்கு" என்கிறார்கள். இது கேட்பதற்கு நியாயம் போலத் தெரியும். கணக்குப் போட்டால் நிற்காது. போட்ட நகை பெரும்பாலும் கணவன் வீட்டுத் தேவைக்கு அடகுக் கடைக்குப் போகிறது. அதன் மீது அவளுக்கே முழு அதிகாரம் இருப்பதில்லை. நிலமோ ஆண்டுதோறும் விளைகிறது, விலை ஏறுகிறது, தலைமுறைக்கும் நிற்கிறது. மகனின் படிப்புக்கும் தொழிலுக்கும் செலவழித்ததை எந்த வீட்டிலும் அவன் பங்கிலிருந்து கழிப்பதில்லை. வரதட்சணை 1961 முதல் குற்றம். குற்றமான ஒன்றைக் காட்டி உரிமையான ஒன்றை மறுப்பதை எப்படி ஏற்பது?

இன்னொரு வாதம், குடும்பம் உடைந்துவிடும் என்பது. அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்துக்கொள்ளும்போது யாரும் இப்படிச் சொல்வதில்லை. அது ஊர் வழக்கம். பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடிக்கிறார்கள். தங்கை வாய்திறந்தால்தான் அது பேராசை ஆகிறது. பங்கு கேட்டால் பொங்கல் சீர் நின்றுபோகும், பிள்ளையின் காதுகுத்துக்குத் தாய்மாமன் வர மாட்டான், புகுந்த வீட்டில் பிரச்சினை என்றால் போய் நிற்க ஒரு வாசல் இருக்காது. இந்தப் பயத்தில்தான் பெரும்பாலான கையெழுத்துகள் விழுகின்றன. அதைப் பாசத்தின் பெயரால் சொல்லிவருகிறோம்.

போய் நிற்க ஒரு வாசல் என்பது சிறிய விஷயமில்லை. கேரளத்தில் திருவனந்தபுரம் மாவட்டத்தில் பிரதீப் பாண்டாவும் பினா அகர்வாலும் செய்து 2005இல் வெளியிட்ட ஆய்வில், நிலமோ வீடோ சொந்தமாக இல்லாத பெண்களில் 49 விழுக்காட்டினர் கணவரிடம் அடி உதை பட்டிருந்தார்கள். இரண்டும் தன் பெயரில் வைத்திருந்தவர்களில் அது 7 விழுக்காடு. அண்ணன் வீட்டுத் திண்ணைக்குக் காத்திருக்கத் தேவையில்லாத பெண்ணின் மீது கை ஓங்கத் தயங்குகிறார்கள். குடும்ப வன்முறைக்கு எதிராக எத்தனையோ விழிப்புணர்வுப் பேரணிகள் நடத்துகிறோம். இவ்வளவு தெளிவான மருந்தை ஏன் கையில் எடுப்பதில்லை?

தமிழ்நாடு அரசுக்குப் பெண்கள் மீது அக்கறை இல்லை என்று சொல்ல முடியாது. கட்டணமில்லாப் பேருந்துப் பயணமும், 2023 செப்டம்பர் முதல் மாதந்தோறும் தரும் 1,000 ரூபாய் உரிமைத் தொகையும் கண்ணெதிரே பலன் தருபவை. 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு குறைப்பு 2025 ஏப்ரலில் வந்தது, அதையும் வரவேற்கிறோம். ஆனால் வாங்கும் சக்தியுள்ள பெண்ணுக்குத்தான் அந்தச் சலுகை. வாங்கத் தேவையே இல்லாமல் பிறப்பால் தனக்கு உரியதை விட்டுக்கொடுக்கும் பெண்ணைப் பற்றி அரசு பேசுவதில்லை. போதாக்குறைக்கு, குடும்பத்தாருக்குள் எழுதும் பாகப்பிரிவினைக்கும் விடுதலைப் பத்திரத்துக்கும் ஒரே மாதிரிக் கட்டணச் சலுகை. மகளுக்குப் பங்கு தருபவரும், அவளிடமிருந்து பங்கை எழுதி வாங்குபவரும் அரசின் கண்ணில் ஒன்றா?

மனமறிந்து விட்டுக்கொடுக்கும் பெண்ணை யாரும் தடுக்க வேண்டியதில்லை. வசதியாக இருக்கும் அக்கா, நொடித்துப்போன தம்பிக்குத் தன் பங்கைக் கொடுப்பது அவர் விருப்பம். நாம் கேட்பது, கொடுப்பது இன்னதென்று அவர் அறிந்து கொடுக்க வேண்டும் என்பதே. பிரதிபலன் இல்லாத விடுதலைப் பத்திரம் பதிவுக்கு வந்தால், எழுதிக்கொடுக்கும் பெண்ணைச் சார்பதிவாளர் தனியாக அழைத்துப் பேச வேண்டும். அவர் பங்கின் பரப்பும் வழிகாட்டி மதிப்பும் பத்திரத்தின் முதல் பக்கத்திலேயே தமிழில் இருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு அதைப் படித்துக்காட்ட வேண்டும். மகளுக்குச் சம பங்கு தரும் பாகப்பிரிவினைக்குக் கட்டணத்தை முழுவதுமாக விலக்க வேண்டும். மகளோ தாயோ பிரதிபலன் இல்லாமல் விட்டுக்கொடுக்கும் பத்திரத்துக்குச் சலுகையை நிறுத்தி, அந்தச் செலவு எழுதி வாங்குபவரையே சேரும்படி செய்ய வேண்டும். வாரிசுச் சான்றிதழுக்கான மனுவில் மகளின் பெயரை மறைத்தவர் மீது நடவடிக்கை வேண்டும். அந்த மனு வட்டாட்சியரிடம் வரும்போதே, பெயருள்ள வாரிசுகள் எல்லோருக்கும் அவர்களுடைய பங்கு எவ்வளவு என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அடுத்து வரும் பதிவுத்துறை, வருவாய்த்துறை மானியக் கோரிக்கை விவாதத்திலேயே அரசு இவற்றை அறிவிக்கலாம்.