பதின்மூன்றாம் வகுப்பா?

சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் தமிழ்ப் பெற்றோருக்குக் கல்லூரி வழிகாட்டல் கூட்டம் எங்கே நடந்தாலும், ஒருவர் மேடையேறி இதைச் சொல்லாமல் இறங்குவதில்லை: “கம்யூனிட்டி காலேஜ் என்பது பதின்மூன்றாம் வகுப்பு. அங்கே கட்டாயமாக்கிய ஜெனரல் எட் என்ற பொதுப்பாட வகுப்புகள் பிள்ளையின் இரண்டு வருடத்தைத் தின்றுவிடும்.” பல ஆண்டுகளாகக் கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுமை போய்விட்டது.

இரண்டு வருடம் என்பதே பொய்க்கணக்கு. கலிஃபோர்னியாவில் 2025 இலையுதிர்ப் பருவம் முதல் நடப்பில் உள்ள, பல்கலைக்கழகத்துக்கு மாறிப் போகிறவர்களுக்கான கால்-கெட்சி திட்டத்தில் பொதுப்பாடங்கள் 34 யூனிட். இரண்டு வருட அசோசியேட் பட்டத்துக்கு வேண்டியது 60. கணிதமும் அறிவியலும் அந்த 34-க்குள்ளேயே அடக்கம். கம்ப்யூட்டர் சயின்ஸ் பிள்ளை எப்படியும் படித்தாக வேண்டிய கால்குலஸ் பொதுப்பாடம், முதன்மைப் பாடம் என இரண்டு பக்கமும் கணக்கில் சேரும்.

செலவா? மாநிலவாசிக்கு யூனிட் 46 டாலர். மூன்று யூனிட் வகுப்புக்கு 138. மேடைப் பேச்சுப் பயிற்சிக்கு வார இறுதிகளில் பணம் கட்டிப் பிள்ளையை அனுப்பும் பெற்றோருக்கு, அதே பயிற்சி கல்லூரியில் கட்டாயப் பாடமாக வந்தால் மட்டும் வீணாகிவிடுகிறது!

பள்ளியில் படித்ததையே திரும்பப் படிக்கிறார்கள் என்கிறார்கள். பள்ளியில் எழுதும் கல்லூரித் தர ஏ.பி. தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியவருக்குப் பல பாடங்களில் விலக்கு உண்டு. அதற்கு மேல் இந்தப் புகாருக்குப் பதில் தேவையில்லை.

என்னைக் கொதிக்க வைப்பது வேறொரு கேள்வி: “கோட் எழுதப் போகிறவனுக்கு அமெரிக்க வரலாறும் எத்னிக் ஸ்டடீஸும் எதற்கு?” எத்னிக் ஸ்டடீஸ் என்பது சிறுபான்மை இனத்தவரின் வரலாற்றையும் வாழ்வையும் படிக்கும் பாடம்.

பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபியர் முதல் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றியவர். அவர் வெள்ளையர் அல்லர், எனவே குடியுரிமை கிடையாது என்று 1923-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பை வைத்து, ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர் பலரிடமிருந்தும் அதைப் பறித்தார்கள். 1946 சட்டம் குடியுரிமைக்கு வழிவிட்டது. ஆனால் குடியேற அனுமதித்தது ஆண்டுக்கு 100 இந்தியரை. சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் பொறியாளர்கள் வரிசையாக வந்திறங்க வழி செய்தது 1965 குடிவரவுச் சட்டம். கறுப்பின மக்கள் அடிபட்டு, உயிர் கொடுத்து நடத்திய உரிமைப் போராட்டம் இந்த நாட்டின் மனத்தை அசைத்திராவிட்டால் அந்தச் சட்டம் வந்திருக்காது. அவர்கள் திறந்த வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டு, அவர்கள் கதையைப் பிள்ளை படிப்பது நேர விரயம் என்று சொல்ல நமக்கு எப்படி மனம் வருகிறது?

எத்னிக் ஸ்டடீஸ் துறையும் யாரோ அதிகாரி சும்மா எழுதிச் சேர்த்ததல்ல. 1968-69-ல் சான் பிரான்சிஸ்கோ ஸ்டேட் கல்லூரியில் கறுப்பினத்தவர், ஆசியர், லத்தீன் அமெரிக்கர், பூர்வகுடியினர் எனப் பல இன மாணவர்கள் சேர்ந்து ஏறத்தாழ ஐந்து மாதம் வேலைநிறுத்தம் செய்தார்கள். போலீசின் தடியடிக்கும் கைதுக்கும் அஞ்சாமல் நின்று வாங்கியது அது. இந்தக் கூட்டங்கள் நடக்கும் அரங்குகளிலிருந்து காரில் ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய இடம்.

அந்தக் கூட்டங்களுக்கு வருகிறவர்களில் எத்தனையோ பேர் கிரீன் கார்டு வரிசையில் பத்தாண்டுக்கும் மேலாக நிற்கிறார்கள். ஆண்டு ஒதுக்கீட்டில் எந்த நாட்டுக்கும் 7 விழுக்காட்டுக்கு மேல் இல்லை என்ற வரம்பு அவர்கள் தூக்கத்தைக் கெடுக்கிறது. அந்த வரம்பு எந்த வரலாற்றிலிருந்து வந்தது, அதை மாற்ற யாரிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதை எந்தக் கோடிங் முகாமும் சொல்லித் தராது. 138 டாலர் வகுப்பில் அதைப் படிக்க உட்காரும் பிள்ளையைத்தான் எழுப்பி வெளியே கூட்டிப்போகப் பார்க்கிறார்கள்.