எதிரி எழுதிய பட்டியல்

'ரோம்: டோட்டல் வார்' என்ற கம்ப்யூட்டர் விளையாட்டு 2004ல் வந்தது. இதில் ரோமானியத் தளபதியாக ஆடலாம். விரும்பினால் கால் நாட்டின் தலைவனாகவும் ஆடலாம். (கால் என்பது இன்றைய பிரான்ஸும் அதன் அக்கம்பக்கமும். ஆஸ்டெரிக்ஸ் படக்கதை படித்தவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை.) கால் நாட்டைத் தேர்ந்தெடுத்தவருக்குக் கிடைக்கும் படை இதுதான்: கூட்டமாகப் பாயும் ஈட்டிக்காரர்கள், வாள்வீரர்கள், காட்டு வில்லாளிகள், பிரபுக்களின் குதிரைப்படை, இவற்றோடு வெற்று உடம்போடு வெறிகொண்டு ஓடும் ஒரு பிரிவு. கவசம் குறைவு, கட்டுப்பாடு அதைவிடக் குறைவு. முதல் பாய்ச்சலில் ரோமானிய அணி உடைந்தால் பிழைத்தார்கள். உடையாவிட்டால் ஓட்டம்தான். கல்லால் கோட்டை கட்டவும் இவர்களுக்கு அனுமதி இல்லை. மரவேலியோடு திருப்திப்பட வேண்டும்.

கம்ப்யூட்டருக்கு முன்பே மேஜைமேல் பொம்மை வீரர்களை நிறுத்தி ஆடுபவர்கள் இருந்தார்கள். பிரிட்டனில் 1993ல் வெளிவந்த 'டி.பி.எம்.' என்ற விதிப்புத்தகம் பண்டைய உலகின் ஒவ்வொரு படைக்கும் ஒரு முத்திரை குத்துகிறது. முதலில் ஒழுங்குப் படையா, ஒழுங்கற்ற படையா? பிறகு உயர்ந்த ரகமா, சாதாரணமா, மட்டமா? கால் நாட்டுக் காலாட்கள் 'ஒழுங்கற்ற' வரிசையில் நிற்கிறார்கள்.

இந்த மதிப்பெண்களைப் போட்டது யார் என்று பார்த்தால் விஷயம் சுவாரசியமாகிறது. கால் நாட்டவர்கள் தங்கள் போர்களைப் பற்றி எதுவும் எழுதி வைக்கவில்லை. எழுதியவர்கள் ரோமானியர்களும் அவர்களோடு பழகிய கிரேக்கர்களும். கி.மு. 225ல் இத்தாலியின் டெலமோனில் நடந்த சண்டையை வர்ணித்த பொலிபியஸ், முன்வரிசையில் நிர்வாணமாக நின்றவர்களைப் பற்றிச் சொல்கிறார். கால் நாட்டு வாள் முதல் வெட்டிலேயே வளைந்துவிடும், காலால் மிதித்து நிமிர்த்த வேண்டும் என்று எழுதியவரும் அவரே. அகழ்வாய்வில் கிடைத்த வாள்களைச் சோதித்த உலோகவியலாளர்கள் வேறு கதை சொல்கிறார்கள். மட்டமானவை இருந்தன. நல்ல எஃகு வாள்களும் இருந்தன.

இன்னும் வேடிக்கை, இரும்பு வளையங்களைக் கோத்துச் செய்யும் சங்கிலிக் கவசம். அதை ரோமானியர்கள் கால் நாட்டவரிடமிருந்து கற்றதாக ரோமானிய அறிஞர் வாரோவே சொல்லியிருக்கிறார். விளையாட்டில் அந்தக் கவசத்துக்கான மதிப்பெண் ரோமானியனுக்கு. அதைக் கண்டுபிடித்தவனுக்கு வெற்று மார்பு.

கோட்டை விஷயமும் அப்படியே. கி.மு. 52ல் அவாரிக்கம் நகரை முற்றுகையிட்ட ஜூலியஸ் சீஸர், அதன் மதிலை வியந்து எழுதினார். மரச்சட்டங்களும் கல்லும் மாறி மாறி அடுக்கப்பட்டிருந்ததால் கல் நெருப்பைத் தடுத்தது. மரம், இடிக்கும் தூலத்தின் அடியைத் தாங்கியது. ரோமானியருக்கு உணவு கிடைக்கக்கூடாது என்பதற்காக ஒரே நாளில் இருபதுக்கு மேற்பட்ட சொந்த ஊர்களைக் கொளுத்த வைத்த வெர்சிஞ்செடோரிக்ஸையும் அதே சீஸர்தான் பதிவு செய்கிறார். முதல் பாய்ச்சலோடு களைத்துவிடும் கூட்டத்தின் தலைவன் செய்கிற காரியமா அது? சீஸருக்கு எதிரி வீரனாகவும் இருக்க வேண்டும், நிலையற்றவனாகவும் இருக்க வேண்டும். முதலாவது அவர் வெற்றியின் மதிப்பை உயர்த்தும்; இரண்டாவது அந்த வெற்றியை நியாயப்படுத்தும். சொந்தத் தேவைக்கு அவர் இந்தப் பட்டியலைப் பொருட்படுத்தவில்லை. கால் நாட்டு ஆட்களையே சேர்த்து, ரோமானியப் பயிற்சி கொடுத்து, 'அலாவ்டே' என்ற படையணியை உருவாக்கினார். ஒழுங்கற்றவர்கள் ஒழுங்குப் படையானார்கள். ரத்தம் மாறவில்லை, பயிற்சியும் சம்பளமும் மாறின.

விளையாட்டுத்தானே என்று விட்டுவிடலாம். ஆனால் இதே பட்டியலை நிஜ மனிதர்களை வைத்துத் தயாரித்த வரலாறு இந்தியாவுக்கு உண்டு. அதன் தடயங்கள் புனேயின் கேம்ப் பகுதியைச் சுற்றியே கிடக்கின்றன. 1817 நவம்பரில் கட்கியில் பேஷ்வாவின் படையை வென்ற கிழக்கிந்தியக் கம்பெனி, நகருக்கு வெளியே பாசறை அமைத்தது. அந்தப் பாசறையே கேம்ப். ராணுவத்தின் தென்பிராந்தியத் தலைமையகம் இன்றும் அங்கேதான் இருக்கிறது.

கட்கிச் சண்டை முடிந்து இரண்டு மாதம் ஆகவில்லை. 1818 ஜனவரி 1. புனேயிலிருந்து சுமார் 30 கி.மீ. தொலைவில், பீமா நதிக்கரையில் உள்ள கோரேகாவ் கிராமத்தில் கேப்டன் ஸ்டான்டனின் சிறு படை பேஷ்வாவின் பெரும் படையிடம் மாட்டிக்கொண்டது. ஸ்டான்டனிடம் பம்பாய் காலாட்படையினர் சுமார் 500 பேர், குதிரை வீரர்கள் 300க்குள், மெட்ராஸ் பீரங்கிப் படையின் 2 பீரங்கிகள். எதிரே 28,000 பேர் என்பது பிரிட்டிஷ் கணக்கு. ஊருக்குள் புகுந்து மோதியவர்கள் சுமார் 2,000. அவர்களில் அராபியர்களும் கோசாவிகளும் இருந்தார்கள். பகல் முழுதும் சண்டை. இரவில் பேஷ்வாவின் படை விலகியது. (பொலிபியஸுக்குச் சொன்னது இங்கும் பொருந்தும்: நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு தரப்பின் கணக்கே.) கம்பெனியின் காலாட்படையில் கணிசமானவர்கள் மஹர்கள், தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்கள். கோரேகாவ் தூணில் பொறித்துள்ள பெயர்களில் 22 பேர் மஹர்கள் என்பது பெயரின் இறுதியிலுள்ள 'நாக்' என்ற சொல்லிலிருந்து தெரிகிறது.

பிறகு பட்டியல் வந்தது. 1881 முதல் 1885 வரை மெட்ராஸ் படைக்குத் தலைமை வகித்த ராபர்ட்ஸ், தென்னிந்தியச் சிப்பாய் நீண்ட அமைதியில் மழுங்கிவிட்டான், வடக்கத்தி இனங்களே சண்டைக்கு ஏற்றவை என்ற முடிவுக்கு வந்தார். அவர் வெறும் ஆட்டக்காரராக இருந்திருந்தால் பாதகமில்லை. 1885 முதல் 1893 வரை அவர் இந்தியாவின் தலைமைத் தளபதி. மெட்ராஸ் ரெஜிமெண்டுகள் சிலவற்றில் பழைய ஆட்கள் போய்ப் பஞ்சாபியர் வந்தார்கள். எந்தச் சாதியை, எந்த ஊரில் சேர்க்கலாம் என்று அதிகாரிகளுக்குக் கையேடுகள் அச்சிடப்பட்டன. மராத்தியர் பற்றிய கையேடு 1908ல் வந்தது. 'வீர இனம்', 'வீரமற்ற இனம்' என்ற அந்தப் பிரிவினைக்கும் டி.பி.எம்.மின் 'உயர்ந்த', 'மட்ட' ரகங்களுக்கும் ஒரே வித்தியாசம்: இங்கே மதிப்பெண் குறைந்தால் பொம்மைக்கு நஷ்டமில்லை, மனிதனுக்குச் சம்பளமும் பென்ஷனும் பிள்ளைகளின் படிப்பும் போகும்.

மஹர்களுக்கு அதுதான் நேர்ந்தது. 1890களின் தொடக்கத்தில் அவர்களைச் சேர்ப்பது நின்றது. முன்னாள் சிப்பாயான கோபால் பாபா வலங்கர் 1894ல் மனு எழுதினார். புனேயின் சிவராம் ஜான்பா காம்ப்ளே 1910ல் மறுபடி மனுப் போட்டார். முதல் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டதும் 1917ல் 111வது மஹர் ரெஜிமெண்ட் உருவானது. போர் முடிந்தது; 1921ல் கலைத்துவிட்டார்கள். 1927 ஜனவரி 1 அன்று கோரேகாவ் தூண் முன்னால் வந்து நின்ற அம்பேத்கர், பட்டாளத்து சுபேதாரின் மகன்.

மெட்ராஸ்காரர்களுக்கும் அதே கதி. இரண்டாம் உலகப் போர் மூண்டபோது நிரந்தரக் காலாட்படையில் மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்று ஒன்று இல்லை. பாலம் கட்டவும் கண்ணிவெடி அகற்றவும் சாப்பர்ஸ் பிரிவு மட்டும் தப்பியிருந்தது. அந்தப் பிரிவின் சுபேதார் சுப்பிரமணியன், 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியின் மிஞ்ஞானோ அருகே, வெடிக்கவிருந்த கண்ணிவெடிமேல் தானே விழுந்து உடனிருந்தவர்களைக் காப்பாற்றினார். மறைவுக்குப் பின் ஜார்ஜ் கிராஸ் விருது கிடைத்தது. ரோமுக்குத் தெற்கே நடந்த சம்பவம் அது. அந்தப் போரின் நெருக்கடியில் மெட்ராஸ் ரெஜிமெண்ட் உயிர்பெற்றது. 1941 அக்டோபரில் பெல்காமில் மஹர் ரெஜிமெண்டும் தொடங்கியது. அதன் சின்னத்தில் கோரேகாவ் தூண் இருந்தது.

'ரோம்: டோட்டல் வார்' 2021ல் புதுப்பிக்கப்பட்டு மறுபடி வெளிவந்தது. படங்கள் துல்லியமாகியிருக்கின்றன. கால் நாட்டவருக்கு இன்னும் மரவேலிதான்.