முதுகலை வாசலில் நின்றுவிடும் உதவி

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. ராயப்பன்பட்டியிலும் அக்கம்பக்கத்து ஊர்களிலும் ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு பந்தலில் அறுவடை நடந்துகொண்டே இருக்கும். கவாத்து செய்து நான்கு மாதம் காத்திருந்தால் குலை வெட்டலாம். ஆனால் வேண்டாத வேளையில் மழை பெய்தால் பழம் வெடிக்கும். கேரளச் சந்தை மந்தமானால் விலை சரியும். பந்தலுக்கு உரியவருக்கே இந்த நிலை என்றால், அதில் கூலிக்குக் கவாத்து வெட்டுபவர், மலையேறி ஏலத்தோட்டத்துக்குப் போய்வருபவர் வீட்டு வரவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இவ்வீடுகளின் பிள்ளைகள் இன்று பட்டம் பெறுகிறார்கள். பெற்றபின் எங்கே போகிறார்கள் என்பதே நம் கேள்வி.

பட்டம் வரையிலான பாதையைத் தமிழ்நாடு செம்மையாகவே அமைத்திருக்கிறது. அதை மறைப்பது நேர்மையாகாது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேரும் மாணவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022-இல் தொடங்கிற்று. மாணவர்க்கான தமிழ்ப் புதல்வன் 2024-இல் வந்தது. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குத் தொழிற்கல்விக் கட்டணச் சலுகை 2010-ஆம் ஆண்டிலிருந்தே உண்டு. பிற நாட்டார் வியந்து பார்க்கத் தக்க ஏற்பாடுகள் இவை.

ஆயினும் இவை அனைத்தும் இளங்கலையோடு நின்றுவிடுகின்றன. மாதம் 1,000 ரூபாய் முதல் பட்டம் முடியும் நாளோடு முடிகிறது. முதல் பட்டதாரிச் சலுகைக்கு முதுகலையில் இடமில்லை. இன்னொன்று பலர் கண்ணில் படாதது. அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் மூன்றாண்டு இளங்கலை பயிலும் பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பு மாணவர்க்கு உதவித்தொகை பெற வருமான வரம்பு கிடையாது. அதே மாணவர் முதுகலைக்குள் காலடி வைத்ததும் குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டுமென்ற வரம்பு முளைத்துவிடுகிறது. ஏப்ரலில் இளங்கலைத் தேர்வெழுதிய பிள்ளையின் தகப்பனார் ஜூலைக்குள் செல்வந்தராகிவிட்டாரா என்ன?

அரசுக் கல்லூரியில் முதுகலைக் கல்விக் கட்டணம் பெரும் பாரமன்று என்று சிலர் சொல்வர். உண்மைதான். ஆனால் அருகிலுள்ள உத்தமபாளையத்தில் விரும்பிய பாடம் இல்லாமல் மதுரைக்கோ சென்னைக்கோ போகும் மாணவிக்குக் கட்டணத்தைவிட விடுதி வாடகையும் உணவுச் செலவுமே பெரியவை. சுயநிதிப் பிரிவில்தான் இடம் கிடைத்ததென்றால் கட்டணமும் சேர்ந்துகொள்ளும். அப்போது வீட்டில் கைக்கு எட்டுவது நகைக்கடன். அடகு வைத்த சங்கிலியைப் பெரும்பாலும் ஓராண்டுக்குள் மீட்டாக வேண்டும், முதுகலையோ ஈராண்டு. முதலாண்டு முடிவில் வட்டியைக் கட்டி மறு அடகு வைக்கிறார்கள், அல்லது இரண்டாம் ஆண்டுக் கட்டணத்துக்கு வேறொரு நகையைத் தேடுகிறார்கள். வேறு நகை இல்லாத வீட்டில் படிப்பு நிற்கும்.

கல்விக்கடன் இருக்கிறதே என்னலாம். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிரதமர் வித்யாலட்சுமி திட்டம் பிணையோ ஜாமீனோ இன்றிக் கடன் தருகிறது. ஏழரை லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு 75 விழுக்காடு அரசின் உத்தரவாதம். எட்டு லட்சம் வரை வருமானமுள்ள குடும்பத்துக்குப் பத்து லட்சம் வரையிலான கடனில் 3 விழுக்காடு வட்டிச் சலுகை. நல்ல திட்டமே. ஆனால் தேசியத் தரவரிசையை அளவுகோலாகக் கொண்டு தேர்ந்த உயர்கல்வி நிறுவனங்களில் இடம் பெற்றவர்க்கே அது உரியது. சிறுநகரக் கல்லூரியில் எம்.எஸ்சி. படிப்பவர் அந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்கிறார். கடனைத் திருப்பத் தொடங்கும் வரையிலான வட்டி முழுவதையும் அரசே ஏற்கும் பழைய திட்டமோ தொழிற்கல்வி, தொழில்நுட்பக் கல்விக்கு மட்டும் உரியது. அதுவும் ஒருவர்க்கு வாழ்வில் ஒருமுறைதான். இளங்கலையில் அதைப் பெற்றவர் முதுகலையில் மீண்டும் கேட்க முடியாது.

எஞ்சியோர் பொதுவான கல்விக்கடனுக்கு வங்கி வாயிலை நாட வேண்டும். அங்கே தகப்பனாரின் பழைய பயிர்க்கடன் பாக்கி குறுக்கே வரும். மலைக்கு அப்பால் கேரள உயர் நீதிமன்றம் 2023-இல், சிபில் மதிப்பெண் குறைவு என்பதை மட்டுமே காரணமாக்கி மாணவரின் கல்விக்கடனை மறுக்கலாகாது என்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு மலைக்கு இப்பக்கத்து வங்கிக் கிளைகளின் காதிலும் விழ வேண்டும்.

பொறியியலில் நிலைமை வேறு. கேட் தேர்வில் தகுதி பெற்று எம்.டெக். சேர்பவர்க்கு மாதம் 12,400 ரூபாய் கிடைக்கிறது. முதுகலை மாணவருக்குப் பணம் கொடுத்துப் படிக்க வைப்பது நாட்டின் நன்மைக்கே என்று அரசு ஒப்புக்கொண்டதன் அடையாளம் அது. அந்த நியாயம் தமிழும் வரலாறும் தாவரவியலும் படிப்பவர்க்கு ஏன் பொருந்தாமற்போயிற்று? பல்கலைக்கழக மானியக்குழு முதுகலைக்கு மாதம் 15,000 ரூபாய், ஆண்டுக்குப் பத்து மாதம் என உதவித்தொகை தருகிறது. ஆனால் நாடு முழுமைக்கும் அதன் இடங்கள் 10,000 மட்டுமே. விண்ணப்பத்துக்கு நாள் குறித்த செய்தி சிற்றூருக்கு எட்டுவதற்குள் இணையதளம் மூடப்பட்டுவிடுவதும் உண்டு.

ஆய்வுப் படிப்புக்குப் போனால் ஏற்றத்தாழ்வு இன்னும் கூர்மையாகிறது. இளநிலை ஆய்வாளர் தகுதி பெற்றவர்க்கு மாதம் 37,000 ரூபாய். அத்தகுதி பெறாதவர் மத்தியப் பல்கலைக்கழகத்தில் இருந்தால் 8,000 ரூபாய். மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்தால் அந்தத் தொகையும் இல்லை. கிறித்தவக் குடும்பங்கள் மிகுந்த ராயப்பன்பட்டிக்கு இதில் தனியான இழப்பு ஒன்றும் உண்டு. சிறுபான்மை ஆய்வு மாணவர்க்கு 2009 முதல் கிடைத்துவந்த மௌலானா ஆசாத் ஆய்வு உதவித்தொகை நிறுத்தப்பட்டதாக 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் மத்திய அரசு அறிவித்தது. பிற திட்டங்களோடு அது மேற்பொருந்துகிறது என்பது சொல்லப்பட்ட காரணம். ஒரே மாணவர் இரண்டு உதவி பெறுவதைத் தடுக்க ஒரு விதி போதும். திட்டத்தையே மூட வேண்டியதில்லை.

உயர்படிப்பாளிக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டுமென்பது தமிழ் நிலத்துக்குப் புதிதன்று. இராசேந்திர சோழன் காலத்தில் எண்ணாயிரம் என்னும் ஊரில் பொறித்த கல்வெட்டு, அங்கிருந்த கல்விச்சாலையின் 340 மாணவர்க்கு நாள்தோறும் அளந்த நெல்லைக் கணக்கிட்டுச் சொல்கிறது. வேதம் முதலியன பயின்ற இளையோர் 270 பேருக்கு ஆளுக்கு ஆறு நாழி. இலக்கணம், மீமாஞ்சை முதலியன பயின்ற மேல்நிலை மாணவர் 70 பேருக்கு ஒரு குறுணி இரண்டு நாழி, அதாவது பத்து நாழி. படிப்பு உயர உயர அளவும் உயர்ந்தது. அந்த நெல் எல்லார் வீட்டுப் பிள்ளைக்கும் அளக்கப்படவில்லை என்பது அக்காலத்தின் குறை. பிள்ளைகள் எல்லாரும் வரலாம் என்றான இக்காலத்தில், படிப்பு உயர்ந்ததும் அளவை நிறுத்துகிறோம்.

1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் செய்ததையும் நினைத்துப் பார்க்கலாம். துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தராக இருந்த சீனிவாச இராமானுசனுக்கு, எந்தப் பட்டமும் இல்லாத நிலையிலும், மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை ஈராண்டுக்கு வழங்கிற்று. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வறிக்கை தர வேண்டும், அவ்வளவே நிபந்தனை. அந்தத் தொகை வீட்டுச் செலவுக்குப் போதுமானதாக இருந்ததால்தான் அவர் எழுத்தர் நாற்காலியை விட்டு எழ முடிந்தது. உதவித்தொகை என்ற பேரில் இன்று கொடுப்பவற்றில் எத்தனை, ஒரு மாணவனைப் பகுதிநேர வேலையிலிருந்து விடுவிக்கும் அளவுக்கு இருக்கின்றன?

மாநில அரசு செய்யக்கூடியவை கைக்கெட்டும் தொலைவிலேயே உள்ளன. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களை முதுகலையின் ஈராண்டுக்கும் நீட்டுவது முதலாவது. 1,000 ரூபாயை வைத்து விடுதி வாடகை கட்ட முடியாது, எனவே முதுகலைக்குத் தொகை கூட வேண்டும். முதுகலைக்கு உள்ள வருமான வரம்பு நீங்க வேண்டும். மாநிலப் பல்கலைக்கழகங்களின் முழுநேர ஆய்வாளர் ஒவ்வொருவர்க்கும் குறைந்தபட்ச மாதத்தொகை வேண்டும்.

எல்லாவற்றிலும் அவசரமானது காலம் தவறாமை. கட்டணம் சேர்க்கை நாளன்று கேட்கப்படுகிறது. உதவித்தொகையோ வருமானச் சான்றும் சாதிச் சான்றும் இ-சேவை மையம், கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று சுற்றி, கல்லூரி சரிபார்த்து, துறை ஒப்புதல் அளித்து, பல மாதம் கழித்து வங்கிக் கணக்கில் விழுகிறது. நகைக்கடனின் முதல் வட்டி அந்த இடைவெளியில்தான் பிறக்கிறது. இளங்கலைக்கு உதவித்தொகை பெற்ற அதே மாணவரின் சான்றுகள் அரசிடமே இருக்கின்றன. முதுகலைச் சேர்க்கையின்போது அவற்றை மீண்டும் கேட்காமல், உதவித்தொகை வரும் வரை கட்டணம் கேட்கலாகாது என்று கல்லூரிகளுக்கு ஆணையிட்டால் போதும். இதற்கு நிதிநிலை அறிக்கை வரை காத்திருக்க வேண்டியதில்லை. உயர்கல்வித் துறையின் ஓர் அரசாணையில் முடியும் காரியம். அதை அடுத்த ஜூன் மாதச் சேர்க்கை தொடங்குமுன் வெளியிட வேண்டும்.