கூலருக்குள் இருக்கும் மரநார்

கோடை பிறந்துவிட்டால் பல இல்லங்களின் ஜன்னல்களில் ஏர் கூலர் ஏறிவிடுகிறது. அதன் பக்கங்களில் கம்பி வலைக்குள் வைக்கோல் போன்ற ஒன்று அடைக்கப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பலரும் புல் என்றெண்ணும் அப்பொருள் உண்மையில் மரமாகும். ஆங்கிலத்தில் 'வுட் உல்' என்பர். தமிழில் மரநார் எனலாம்.

இது தச்சுப் பட்டறையில் எஞ்சும் கழிவன்று. உலர்ந்த மென்மரத் துண்டுகளை இயந்திரத்தில் பொருத்தி, மெல்லிய நீண்ட இழைகளாகச் சீவி எடுக்கின்றனர். சுருண்டு பின்னிக்கொள்ளும் இவ்விழைகள், அழுத்தினால் அமுங்கி மீண்டும் நிமிரும். ஆகவே கண்ணாடி, பீங்கான், பழங்கள் முதலியவற்றைப் பெட்டியில் அடுக்கும்போது இடையே வைப்பர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் செய்யப்பட்ட கரடி பொம்மைகளின் வயிற்றை நிரப்பியதும் இதுவே. சிமெண்டுடன் கலந்து அழுத்தினால், ஒலியையும் வெப்பத்தையும் தடுக்கும் பலகையாகிறது.

கூலரில் இதன் பணி வேறு. நனைந்த இழைகளினூடே வறண்ட காற்று புகும்போது நீர் ஆவியாகிறது. அதற்கு வேண்டிய வெப்பத்தைக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்வதால் காற்று குளிர்கிறது. மண்பானை நீர் குளிர்வதும் இவ்வாறே. எனவே வேலூர், ஆம்பூர் போன்ற உள்நாட்டு ஊர்களின் வறண்ட கோடையில் கூலர் நன்கு உதவும். காற்றில் ஈரம் மிகுந்த நாகூரிலும் காயல்பட்டினத்திலும் அத்தனை பலன் தராது. எங்காயினும், ஈரக்காற்று வெளியேற எதிர்ப்புற ஜன்னல் திறந்திருத்தல் அவசியம்.

சகோதரிகளே! நாம் பெரிதும் கவனிக்க வேண்டியது கூலரின் தொட்டியைத்தான். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு, இத்தகைய தேங்கிய நீரிலேயே பெருகுகிறது. முட்டை கொசுவாகிப் பறக்க ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் போதும். நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. தொட்டியின் சுவரில் ஒட்டிய முட்டைகள் நீரின்றியும் பல மாதங்கள் உயிரோடிருந்து, மீண்டும் நீர் பட்டதும் பொரிக்கும்.

ஆகவே வாரம் ஒருமுறை மின் இணைப்பை அகற்றிவிட்டு, நீரை வடித்து, தொட்டியின் சுவர்களை நன்கு தேய்த்துக் கழுவி, உலரவிடுங்கள். மரநார் கறுத்து நாற்றமடித்தால் தயங்காமல் மாற்றிவிடுங்கள். கோடை முடிந்ததும் தொட்டியைத் துடைத்துக் காயவைத்து, மூடி வையுங்கள்.

குளிர்ச்சிக்காக வாங்கிய பெட்டி, குழந்தைகளுக்குக் காய்ச்சலைக் கொண்டுவந்துவிடலாகாதல்லவா?