மணி அடித்த பிறகு வரும் நிமிடம்

மூன்று நிமிடம் ரவுண்டு, ஒரு நிமிடம் ரெஸ்ட். அடையாறிலும் தி. நகரிலும் குத்துச்சண்டைக் கிளவுஸ் மாட்டத் தொடங்கும் இளைஞர்களின் கைபேசி டைமரில் பெரும்பாலும் இந்தக் கணக்குதான் இருக்கிறது. முதல் மாதத்துப் பிள்ளைக்கும் அதுவே, போட்டிக்குப் போகிறவருக்கும் அதுவே.

இந்தக் கணக்கு 1867-இல் லண்டனில் வெளியான குயின்ஸ்பெரி விதிகளிலிருந்து வருகிறது. எழுதியவர் ஜான் கிரஹாம் சேம்பர்ஸ். அதற்கு முன் ஒருவர் கீழே விழுந்தால்தான் ரவுண்டு முடியும். அரை நிமிடத்தில் எழுந்து வரவேண்டும். அந்தக் கொடுமைக்கு முடிவு கட்டிய விதி அது, மதிக்கிறேன். ஆனால் அது போட்டிக்கான விதி. போட்டியில் ஓய்வு எல்லோருக்கும் ஒரே அளவாக இருப்பதுதான் நியாயம். பயிற்சியில் ஓய்வின் அளவை, அன்றைக்கு எதைப் பயில வந்தோம் என்பது தீர்மானிக்க வேண்டும்.

உடலின் கணக்கைப் பாருங்கள். முழு வேகத்தில் பத்து விநாடி பேக்கை அடித்தால், தசையில் சேமித்திருக்கும் கிரியேட்டின் பாஸ்பேட்டில் பெரும்பகுதி தீர்ந்துபோகும். அரை நிமிடம் நின்றால் ஏறக்குறையப் பாதி திரும்பும். முழுதாக நிரம்ப மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் வரை ஆகும். ஆக, அடியில் வேகமும் வலுவும் வேண்டுமென்றால் பத்து விநாடி அடித்துவிட்டு ஒரு நிமிடத்துக்குமேல் நிற்பது சோம்பேறித்தனமே இல்லை. தம் பிடிக்கப் பழக வேண்டுமென்றால் வழி வேறு: ரவுண்டை அப்படியே வைத்துக்கொண்டு ரெஸ்ட்டை மட்டும் அறுபது விநாடியிலிருந்து நாற்பத்தைந்துக்கும், சில வாரம் கழித்து முப்பதுக்கும் இறக்கலாம். ஒரே வாரத்தில் ரவுண்டைக் கூட்டி ரெஸ்ட்டையும் குறைத்தால், எது உடலைப் படுத்தியது என்றே தெரியாது.

புதிதாகக் கற்பவர்களைப் பற்றித்தான் எனக்கு அக்கறை அதிகம். அவர்களுக்கு இரண்டு நிமிட ரவுண்டும் முழு ஒரு நிமிட ரெஸ்ட்டும் போதும். ஸ்கிப்பிங் இரண்டு, ஷேடோ மூன்று, பேட் மூன்று, பேக் இரண்டு. பத்து ரவுண்டு அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். மூச்சு வாங்கினால் முகத்தைக் காக்கும் கார்டு இறங்கும், கால்கள் பின்னிக்கொள்ளும், ஜாப் அடித்த கை தாடைக்குத் திரும்பாமல் இடுப்புக்குப் போகும். அந்த நிலையில் ஒவ்வொரு விநாடியும் தப்பான பழக்கத்தைத்தான் உடம்பில் ஏற்றுகிறது. மயிலாப்பூரில் மிருதங்கம் பயிலும் பிள்ளைக்கு இது தெரியும்: கோர்வையில் கார்வை என்ற இடைவெளிக்கும் அட்சரக் கணக்கு உண்டு, அதை அவசரப்பட்டு விழுங்கினால் முடிவு எடுப்பில் வந்து சேராது.

பெண்களுக்கான ரவுண்டின் கதை தனி. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் மேரி கோம் வெண்கலம் வென்றபோது பெண்களுக்கு இரண்டு நிமிடமாக நான்கு ரவுண்டு. டோக்கியோவில் லவ்லினா வெண்கலம் வென்றபோது ஆண்களைப் போலவே மூன்று நிமிடமாக மூன்று ரவுண்டு. மொத்தத்தில் கூடியது ஒரே ஒரு நிமிடம். ஆனால் ஒரே மூச்சில் மூன்று நிமிடம் தாங்க வேண்டும், இடையில் ஓர் ஓய்வும் போயிற்று.

இனி நம் ஊர் வெயில். குளிர் நாட்டு வீடியோவில் பார்த்த அட்டவணையை மே மாதத்துச் சென்னையில் அப்படியே பின்பற்றக் கூடாது. விடியற்காலையில் கலங்கரை விளக்கத்தை ஒட்டிய மணலில் பயிற்சி செய்தால் வெப்பம் குறைவுதான். ஈரப்பதமோ அப்போதுதான் அதிகம். வியர்வை காய்ந்தால்தான் உடல் குளிரும், இங்கே அது காயாமல் வழிகிறது. இதயத்துடிப்பு இறங்கக் கூடுதல் நேரம் எடுக்கும். கோடை தொடங்கியதும் முதல் பத்துப் பதினான்கு நாள், உடல் பழகும்வரை, ரவுண்டுகளைக் குறைத்து ரெஸ்ட்டை ஒன்றரை நிமிடமாக்குங்கள். பயிற்சி முடிந்ததும் உப்புப் போட்ட நீர்மோர் குடியுங்கள்.

ரெஸ்ட்டில் என்ன செய்வது? உட்காராமல் மெதுவாக நடக்கலாம். கைகளைத் தொங்கவிட்டு, மூச்சை நீளமாக வெளியே விடலாம். ஒரு வாய் தண்ணீர். மாஸ்டர் சொல்வதானால் ஒரே ஒரு திருத்தம் சொல்லட்டும், ஐந்து சொன்னால் காதில் எதுவும் ஏறாது. கைபேசியைத் தொடவே வேண்டாம்.

ரவுண்டுக்குள்ளேயும் ஓய்வு உண்டு. 1980-இல் நம் நேரு ஸ்டேடியத்தில் காட்சிப் போட்டி ஆடிய முகமது அலி, அதற்கு ஆறு ஆண்டு முன்பு கின்ஷாசாவின் புழுக்கத்தில் கயிற்றில் சாய்ந்து கார்டை உயர்த்தியபடி எதிராளி ஃபோர்மனைக் களைக்க வைத்தார். எட்டாவது ரவுண்டில் வீழ்த்தினார். அந்தச் சாய்வுக்குப் பின்னால் எத்தனை ஆண்டுப் பயிற்சி இருந்தது என்பதை மறந்துவிட்டு, அதைப் புதியவர்கள் செய்து பார்க்கக் கூடாது.

ஸ்பாரிங்குக்கு, அதாவது இருவர் மோதிப் பழகுவதற்கு, டைமர் மட்டும் போதாது. ரவுண்டு இரண்டோ மூன்றோ, நடுவில் தாராளமான ரெஸ்ட், பக்கத்தில் கண் எடுக்காத மாஸ்டர். தலையில் பலமாக அடி விழுந்து கண் இருட்டினாலோ, தலை சுற்றினாலோ, குமட்டினாலோ, ஒரு நிமிடத்தில் தெளிந்துவிட்டது என்று மறுபடி இறங்கவே கூடாது. அன்றைக்குக் கிளவுஸைக் கழற்றிவிட்டு டாக்டரிடம் போகவேண்டும். அவர் சரி என்று சொல்லும்வரை ஸ்பாரிங் கிடையாது.