ஏற்காட்டுக்குப் போனா பிரஷர் இறங்குமாமே!

கோடை வந்தாச்சு. இனி ஆளாளுக்கு ஏற்காட்டுப் பயணப் பதிவு போடுவாங்க. ஏரிப் படகு போட்டோ, லேடீஸ் சீட் போட்டோ, மிளகா பஜ்ஜி போட்டோ. கடைசியில தவறாம ஒரு வரி: "மலைக்காத்து பட்டதும் பிரஷரெல்லாம் இறங்கிடுச்சு மக்களே!"

அய்யா சாமிகளா, உங்க பிரஷரை யாரு அளந்தது?

குளிர்ல ரத்தக் குழாய் சுருங்கும், அழுத்தம் ஏறத்தான் பார்க்கும். பனிக்காலத்துல அளவு கூடுறது டாக்டர்களுக்குப் பழகின சங்கதி. 1500 மீட்டர் உயரத்துல ரெண்டு நாள் இருந்தா மனசுக்கு நல்லது, மறுக்கலை. ஆனா அது மாத்திரை இல்லீங்க.

டூரிஸ்ட் என்னவோ எழுதிட்டுப் போகட்டும். இதே நினைப்புல, மலையிலேயே கிடக்குற பசங்களை யாரும் கண்டுக்கறதில்லையே, அதுதான் எரிச்சல். "ஏறி இறங்கி உழைக்கிற பசங்க, அவங்களுக்கு என்ன பிரஷர்?"னு படிச்சவங்களே கேக்கறாங்க. காபித் தோட்டத்துல மூட்டை தூக்குறவன் உழைக்கிறான், சரி. சீசன்ல ராத்திரி ரெண்டு மணிக்கு ரூம் சாவி குடுத்துட்டு ஆறு மணிக்கு வெந்நீர் தூக்குற லாட்ஜ் பையன் எப்பத் தூங்குவான்? 20 கொண்டை ஊசி வளைவையும் நாள் முழுக்க ஏறி இறங்குற டிரைவருக்கு ஓடுறது வண்டிதான், அவன் உக்காந்தே இருக்கான். சாப்பாடு புரோட்டா, பஜ்ஜி, ஊறுகாய். ராத்திரிக்கு டாஸ்மாக். உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ள இருக்கணும்கறது உலக சுகாதார நிறுவனம். நம்ம நாட்டுச் சராசரியே 8 கிராம் பக்கம். கடைச் சாப்பாட்டுல எவ்வளவோ!

தெரிஞ்ச டிரைவர் தம்பி ஒருத்தன், 27 வயசு. ரத்தம் குடுக்கப் போன இடத்துல 170/110 காட்டுச்சு. "ரத்தம் வேணாம், மொதல்ல டாக்டரைப் பாரு"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அவன் என்ன சொன்னான் தெரியுமா? "தலைவலி கூட இல்லீங்கண்ணா, மிஷின் ரிப்பேரா இருக்கும்."

வலி இல்லாததுதான் இந்த வியாதியோட அயோக்கியத்தனமே. சத்தமில்லாம சிறுநீரகத்தையும் இதயத்தையும் கை வைக்கும்.

2019-21 தேசிய குடும்பநல ஆய்வுல, தமிழ்நாட்டுல 15 வயசுக்கு மேற்பட்ட ஆண்கள்ல சுமார் 30 சதவீதம், பெண்கள்ல சுமார் 25 சதவீதம் பேருக்கு அளவு கூட இருந்துச்சு, இல்லைன்னா மாத்திரை சாப்பிட்டுட்டு இருந்தாங்க. இதுல தாத்தா பாட்டியும் அடக்கம்தான். அதுக்காக இளசுங்க எல்லாம் தப்பிச்சுட்டாங்கன்னு அர்த்தமா?

இந்த லட்சணத்துல, தேசியத் திட்டத்துல எல்லாரையும் பரிசோதிக்கிறது 30 வயசுல இருந்துதான். 2021 ஆகஸ்ட் 5-ல கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் வீட்டுக்கே மாத்திரை கொண்டு வந்துச்சு. நல்ல திட்டம், கேலி பண்ண மனசு வரலை. ஆனா வீட்டுல இருக்குறவங்களுக்குத்தானே அது? நாகலூர்லயும் மஞ்சக்குட்டையிலயும் பகல்ல கதவைத் தட்டினா 22 வயசுப் பையன் இருப்பானா? ஸ்டாண்டுல இருப்பான்.

"சின்ன வயசுல அபூர்வம், எதுக்கு வீண் செலவு"ங்கற அறிவாளிகளுக்கு: நாப்பது வயசுக்குள்ள வந்தா சிறுநீரக ரத்தக்குழாய் அடைப்பு, அட்ரினல் கட்டி, தைராய்டுன்னு வேற காரணம் ஒளிஞ்சிருக்கான்னு தேடணும். சிலதைச் சரி பண்ணவே முடியும். அப்போ சீக்கிரம் பார்க்க வேண்டியது யாரை?

அளக்கறதுக்கும் பெரிய வித்தை வேணாம். அஞ்சு நிமிஷம் சாஞ்சு உக்காரணும், பேசக் கூடாது, கைக்கு ஏத்த அளவுல பட்டை. அரை மணி நேரத்துக்கு முன்னால காபி கூடாது (ஏற்காட்டுல இது கொஞ்சம் கஷ்டம்தான், ஹி ஹி). ஒரு தடவை கூட இருந்தா பயப்படாம வேற நாள் மறுபடி பாருங்க. திரும்பத் திரும்ப 140/90-ஐத் தாண்டினா டாக்டர்கிட்டப் போகணும்.

மே 17 உலக உயர் ரத்த அழுத்த நாள். கோடை விழாவும் மே மாசம்தான் வரும். அண்ணா பூங்காவுல பூவுக்குக் கண்காட்சி, நாய்க்குக் கூட தனியா ஒரு கண்காட்சி. அந்த ஒரு வாரம் வண்டி ஸ்டாண்டு பக்கத்துல ஒரு மேசை, ரெண்டு நாற்காலி, ஒரு நர்ஸம்மா, ஒரு மிஷின் போட என்ன செலவாகும்? சீசன் நேரம், பசங்க அத்தனை பேரும் அங்கதான் இருப்பாங்க.